எக்ஸ்ரே ரூம்ல எங்க நிக்கணும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல எக்ஸ்ரே எடுத்துக்கற நோயாளிகளோட சந்தேகங்களுக்கு பதில் சொல்லியிருந்தேன். அதை படிச்சிட்டு இந்த தடவை எழுதினவங்க பெரும்பாலும் அந்த ரூமுக்குள்ளயே வேலை பாக்கறவங்க, டெக்னீசியன், நர்ஸ், ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) ஸ்டாஃப், அட்டெண்டர். நோயாளி ஒரு படம் எடுத்துட்டு வீட்டுக்கு கிளம்பிடுவாங்க, இவங்க தினமும் அங்கயே நிக்கறவங்க. அதனால இந்த இதழ் முழுக்க இவங்க கேள்விகள்தான்.

கேள்வி: ரேடியோகிராஃபி முதல் வருஷம் படிக்கறேன். கதிர் வர்றது டியூப்ல இருந்து, அது நோயாளியை பாத்துதான் திரும்பியிருக்கு, என்னை பாத்து இல்ல. அப்புறம் ஏன் மேடம் எல்லாரும் "நோயாளி பக்கத்துல நிக்காதே"ன்னே சொல்றாங்க?

நல்ல கேள்வி தம்பி, இதுக்கு பதில் புரிஞ்சிடுச்சுன்னா மீதி விதிகளை மனப்பாடம் பண்ணவே வேணாம், தானா வந்துடும்.

டியூப்ல இருந்து நேரா வர்றதை பிரைமரி பீம்னு சொல்றோம். டியூபைச் சுத்தி ஈய உறை இருக்கு, வாய்ல பீமோட அகலத்தை சுருக்கற கொலிமேட்டர் இருக்கு, அதனால அது திறந்த பக்கமா மட்டும்தான் வரும், நீங்களா போய் குறுக்க நின்னாதான் உங்க மேல படும். ஆனா அந்த பீம் உடம்புக்குள்ள போனதும் கதை மாறிடுது. ஒரு பங்கு உடம்புலயே உறிஞ்சிக்கும், ரொம்ப கொஞ்சம்தான் அந்தப் பக்கம் டிடெக்டர் வரைக்கும் போய் படமாகும், இன்னொரு பங்கு உள்ள இருக்கற எலக்ட்ரான் மேல மோதி திசை மாறி மேல, கீழ, பக்கவாட்டுல, வந்த வழியிலயேன்னு எல்லா பக்கமும் கிளம்பிடும், இதைத்தான் சிதறல்னு சொல்றோம். இந்த மோதலை 1923ல விளக்கினவர் ஆர்தர் காம்ப்டன், அதுக்கு 1927ல நோபல் பரிசும் கிடைச்சுது. அப்ப பட்டனை அமுக்கற அந்த நொடியில ரூம்ல இருக்கறவங்களைப் பொறுத்தவரைக்கும் கதிர் கிளம்பற இடம் நோயாளியோட உடம்புதான். அதான் அவர் பக்கத்துல நிக்காதேன்னு சொல்றாங்க.

எவ்வளவு வருதுன்னு கேட்டா, நாங்க கைவசம் வச்சிருக்கற ஒரு தோராய கணக்கு இருக்கு: நோயாளி தோல் மேல விழற அளவுல சுமார் 1000ல ஒரு பங்கு, 1 மீட்டர் தள்ளி பக்கவாட்டுல நிக்கறவருக்கு வந்து சேரும். 2 மீட்டர் போனா அதுலயும் கால் பங்கு, 3 மீட்டர் போனா 9ல ஒரு பங்கு. ஒரே ஒரு அடி பின்னால வைக்கறதுல இவ்வளவு லாபம் இருக்கு, காசு செலவு கிடையாது, யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம்.

இன்னொண்ணு, சிதறல் எவ்வளவு வரும்ங்கறது எவ்வளவு பெரிய இடத்துல பீம் விழுதுங்கறதைப் பொறுத்தது. நெஞ்சு படம் எடுக்கறப்ப பாருங்க, கொலிமேட்டர் லைட் ரெண்டு தோளையும் தாண்டி, கீழ வயிறு வரைக்கும் விழுந்து கிடக்கும், "எதுக்கும் இருக்கட்டும், அப்புறமா கிராப் பண்ணிக்கலாம்"னு எக்ஸ்போஸ் பண்ணிடுவாங்க. கிராப் பண்ணா ஸ்கிரீன்லதான் ஓரம் போகும், உடம்புல விழுந்த கதிர் விழுந்ததுதான், அதுல இருந்து சிதறினது ரூம் முழுக்க சிதறினதுதான். லைட்டை நுரையீரல் ஓரம் வரைக்கும் சுருக்கி வைங்க. நோயாளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது, சிதறல் கம்மியானா மங்கல் கம்மியாகி படமும் பளிச்சுன்னு வரும்.

டிடெக்டருக்கு முன்னால ஈயப் பட்டைங்க வச்ச தகடு, அதாவது கிரிட் போட்டிருக்கோமே, அது சிதறலை தடுக்குதேன்னு கேப்பீங்க. 1913ல குஸ்தாவ் பக்கி கொண்டுவந்த கிரிட் டிடெக்டருக்கு முன்னால வர்ற சிதறலை மட்டும்தான் பிடிக்கும், படம் தெளிவா வரத்தான் அது. ரூம்ல நிக்கற உங்களுக்கு அதால ஒரு பாதுகாப்பும் இல்ல, கிரிட் போட்டா எக்ஸ்போஷரை கூட்ட வேண்டியிருக்கறதால சிதறல் கூடத்தான் செய்யும்.

கேள்வி: ஐசியுல ஸ்டாஃப் நர்ஸ். போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷின் உள்ள வந்தாலே எல்லாரும் வெளிய ஓடறோம். வென்டிலேட்டர் பேஷன்ட்டை விட்டுட்டு ஓடறது மனசுக்கு கஷ்டமா இருக்கு. உண்மையிலயே எவ்வளவு தூரம் போகணும்?

ஓட வேணாம்மா. 2 மீட்டர் தள்ளி நில்லுங்க, பீம் போற திசையில நிக்காதீங்க, அது போதும்.

கணக்கு போட்டே காட்டறேன். ஒரு நெஞ்சு படத்துக்கு நோயாளி தோல் மேல சுமாரா 0.1 மில்லிகிரே விழுதுன்னு வைங்க, அதாவது 100 மைக்ரோகிரே (கிரேங்கறது உடம்பு உறிஞ்சற கதிரோட அளவு). 1 மீட்டர்ல அதுல 1000ல ஒரு பங்கு, 0.1 மைக்ரோ. 2 மீட்டர்ல 0.025. இப்ப இந்தப் பக்கம் பாருங்க, மண்ணு, கட்டடம், காத்து, வானம் எல்லாத்துல இருந்தும் இயற்கையா நமக்கு வர்ற கதிர்வீச்சு உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், மணிக்கணக்குல பாத்தா சுமார் 0.27 மைக்ரோசீவர்ட். சீவர்ட்ங்கறது அந்த கதிரால உடம்புக்கு வரக்கூடிய பாதிப்போட அளவு, எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை கிரேயும் சீவர்ட்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாத்தான் வரும், அதனால நேரா ஒப்பிடலாம். 2 மீட்டர்ல நின்னு ஒரு போர்ட்டபிள் படத்துல உங்களுக்கு வர்றது, ஒண்ணுமே பண்ணாம சும்மா உக்காந்திருந்தா 5, 6 நிமிஷத்துல இயற்கையா வர்ற அளவு. ஒரு வருஷத்துல நீங்க எத்தனை படத்துக்கு பக்கத்துல நின்னாலும் இந்த தூரத்துல பயப்பட ஒண்ணும் இல்ல.

ஆனா இந்த கணக்கு தூரத்தை நம்பித்தான் நிக்குது. அதே படத்துக்கு கேசட்டை (படம் பதியற தட்டு) கையால பிடிச்சிட்டு நின்னு, விரல் பீம் ஓரத்துல மாட்டிக்கிச்சுன்னா அந்த விரலுக்கு 100 மைக்ரோ, 2 மீட்டர் தள்ளி நின்னவருக்கு வந்ததை விட 4000 மடங்கு. ஓடாம இருக்கறதும் தப்பில்ல, ஒட்டி நிக்கறதுதான் தப்பு. டெக்னீசியனுக்கும் அதேதான், போர்ட்டபிள் மெஷின்ல எக்ஸ்போஷர் வயர் அவ்வளவு நீளமா வச்சிருக்கறது முழுசா இழுத்துட்டு தள்ளி நிக்கறதுக்குத்தான், சுருட்டி மெஷின் மேலயே வச்சிட்டு அமுக்கறதுக்கு இல்ல. அமுக்கறதுக்கு முன்னாடி சத்தமா "எக்ஸ்ரே"ன்னு சொல்லிட்டு ஒரு நொடி பொறுங்க.

பக்கத்து பெட்ல இருக்கற நோயாளியை நகர்த்தணுமான்னும் சிலர் கேட்டிருக்காங்க. நேர் கீழ பாத்து எடுக்கற படத்துக்கு வேணாம். கிடைமட்டமா பீம் போற மாதிரி எடுக்கறப்ப மட்டும் அந்த திசையில யார் படுத்திருக்காங்கன்னு பாத்துக்கோங்க.

கேள்வி: படம் எடுத்து முடிச்ச பிறகு ரூம்ல கதிர் எவ்வளவு நேரம் தங்கும்? உடனே உள்ள போகலாமா? நோயாளியை தொடலாமா?

ஒரு நொடி கூட தங்காது. லைட்டை ஆஃப் பண்ணா வெளிச்சம் ரூம்ல தங்கறதில்ல பாருங்க, அதே மாதிரிதான் இதுவும். சுவத்துலயும் ஒட்டாது, கேசட்லயும் ஒட்டாது, நோயாளியும் கதிர் விடமாட்டார். உடனே போங்க, தாராளமா தொடுங்க. நியூக்ளியர் மெடிசின்ல மருந்தா உள்ள கொடுக்கற விஷயம் வேற, அதை இதோட போட்டு குழப்பிக்க வேணாம்.

கேள்வி: எலும்பு ஆபரேஷன் நடக்கற ஓடில 6 வருஷமா இருக்கேன். சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கறப்பவே எக்ஸ்ரேயை நேரலையா காட்டற மெஷின்) ஓடற நேரத்துல எங்க நிக்கறதுன்னு யாருமே சொல்லித் தந்ததில்ல. டாக்டர் கை அடிக்கடி படத்துலயே தெரியுது. இது சரியா?

இல்ல, சரியில்ல. ஐசியு கேள்வியில பயப்பட வேணாம்னு சொன்ன அதே வாயால சொல்றேன், இங்க கவனமா இருக்கணும். போர்ட்டபிள் படம் ஒரு கண் சிமிட்டல், சி-ஆர்ம்ல கால் பெடலை மிதிச்சிட்டே இருக்கற வரைக்கும் கதிர் வந்துட்டே இருக்கும். சராசரி உடம்புக்கு நிமிஷத்துக்கு 20 மில்லிகிரே தோல்ல விழறது சாதாரணமா நடக்கற விஷயம்தான். அப்ப 1 மீட்டர்ல நிமிஷத்துக்கு 20 மைக்ரோ, மேசையை ஒட்டி அரை மீட்டர்ல நின்னா 80. 10 நிமிஷம் ஸ்கிரீனிங் ஓடுச்சுன்னா 1 மீட்டர்ல நிக்கறவருக்கு ஏப்ரனுக்கு (ஈய அங்கி) வெளிய 0.2 மில்லிசீவர்ட். அந்த மாதிரி 100 கேஸ் பண்ணா 20 மில்லிசீவர்ட். இந்த 20ங்கற எண்ணை ஞாபகம் வைங்க, திரும்ப வர்றேன்.

எங்க நிக்கணும்னா, டியூப் இருக்கற பக்கத்தை விட்டு விலகி நில்லுங்க. பீம் உள்ள நுழையற இடத்துலதான் அது ரொம்ப பலமா இருக்கும், அங்க சிதறறது சுலபமா வெளிய வந்துடும். அந்தப் பக்கம் வெளியேறற இடத்துக்கு வர்றதுக்குள்ள உடம்பே பெரும்பகுதியை உறிஞ்சிடும், அதனால டிடெக்டர் பக்கம் சிதறல் பல மடங்கு கம்மி. அதான் சி-ஆர்ம்ல டியூபை மேசைக்கு கீழ வைக்க சொல்றாங்க, சிதறல் பெரும்பாலும் தரையை பாத்து போயிடும். தலைகீழா திருப்பி டியூப் மேல, டிடெக்டர் கீழன்னு வச்சு, அது மேலயே கையை வச்சு எடுக்கறது சில இடத்துல பழக்கமா இருக்கு. வசதிதான், ஆனா அப்ப சிதறல் முழுக்க டாக்டர் முகத்துக்கும் கண்ணுக்கும் கழுத்துக்கும் நேரா வருது. இடுப்பு எலும்பு கேஸ்ல பக்கவாட்டு படம் எடுக்கறப்ப டியூப் ஒரு பக்கம், டிடெக்டர் ஒரு பக்கம் வரும், அப்ப டிடெக்டர் பக்கம் போய் நின்னுக்கோங்க. வேலை அந்தப் பக்கம் இல்லாதவங்க, டிரேயை நகர்த்தி வச்சிட்டு ரெண்டு அடி பின்னால போங்க, அனஸ்தீசியா ஆளுங்களுக்கும் இதை சொல்லுங்க, அவங்க தலைமாட்டுலயே மாட்டிக்கறாங்க.

டாக்டர் கை விஷயம். கை படத்துல தெரியுதுன்னா அது சிதறல்ல இல்ல, பிரைமரி பீம்லயே இருக்குன்னு அர்த்தம். ஈய கையுறை போட்டுட்டு உள்ள விடலாம்னு சிலர் நினைக்கறாங்க, அது எதிர்மாறா வேலை செய்யும், படத்துல ஈயம் வந்ததும் மெஷின் "வெளிச்சம் பத்தல"ன்னு தானா கதிரை கூட்டிடும், கைக்கும் அதிகம், நோயாளிக்கும் அதிகம், பக்கத்துல நிக்கற உங்களுக்கும் அதிகம். கையை எடுத்துட்டு பெடலை மிதிக்கணும், பிடிச்சே ஆகணும்னா நீளமான இடுக்கி வச்சு பிடிக்கணும், இதுக்கு வேற வழி இல்ல.

மெஷின்லயும் நிறைய இருக்கு. பல்ஸ் எண்ணிக்கையை, அதாவது கதிர் விட்டு விட்டு வர்ற தடவையை, நொடிக்கு 15ல இருந்து 7.5க்கு இறக்கினா எலும்பு வேலைக்கு படம் போதுமானதா வரும், கதிர் நல்லா குறையும். கடைசி படம் ஸ்கிரீன்லயே நிக்கும், அதை பாத்துட்டே யோசிக்கலாம், யோசிக்கற நேரத்துல பெடல்ல கால் இருக்க வேண்டியதில்ல. டிடெக்டரை நோயாளிக்கு முடிஞ்ச வரைக்கும் ஒட்டி கொண்டாங்க, டியூபை தள்ளி வைங்க. பெருசாக்கி பாக்கற பட்டன் கதிரையும் ஏத்தும், தேவை முடிஞ்சதும் திரும்ப பழைய அளவுக்கு வாங்க.

இப்ப அந்த 20. கண் லென்ஸுக்கு வருஷத்துக்கு 150 மில்லிசீவர்ட் வரைக்கும் இருக்கலாம்னு ரொம்ப காலம் விட்டு வச்சிருந்தாங்க. 2011ல சர்வதேச கதிர்வீச்சு பாதுகாப்பு ஆணையம் அதை 5 வருஷ சராசரியா 20க்கு இறக்கிடுச்சு, எந்த ஒரு வருஷத்துலயும் 50ஐ தாண்டக் கூடாதுன்னும் சொல்லிச்சு, ஏன்னா முன்னாடி நினைச்சதை விட ரொம்ப கம்மியான அளவுலயே, மொத்தமா 0.5 கிரே சேர்ந்தாலே கண்புரை வரலாம்னு தெரிய வந்துச்சு. ஏப்ரன் கண்ணை மூடாது. மேசையை ஒட்டி நாள் முழுக்க நிக்கற சர்ஜனும் கேத் லேப் (இதய ரத்தக் குழாய் சிகிச்சை அறை) ஆளுங்களும் கண்ணாடி இல்லாம, மறைப்பு இல்லாம வேலை பாத்தா இந்த 20ஐ சாதாரணமா தாண்டிடலாம். ஈயக் கண்ணாடி வாங்கறப்ப பக்கவாட்டு மூடி இருக்கறதா பாருங்க, நீங்க மானிட்டரை பாத்துட்டு இருக்கறப்ப சிதறல் பக்கத்துல இருந்தும் கீழ இருந்தும்தான் வருது. மேல இருந்து தொங்கற ஈயக் கண்ணாடித் தடுப்பு உங்க ஓடில இருந்தா அதை சுவரோரமா தள்ளி வச்சிருக்காம நோயாளிக்கு பக்கத்துல இழுத்து வைங்க.

இவ்வளவையும் நர்ஸ் போய் டாக்டர்கிட்ட சொல்றது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எல்லாரும் நின்னு விவரம் சரிபாக்கற டைம் அவுட் நேரத்துலயே "சார், டியூப் கீழ வச்சிடலாமா"ன்னு டெக்னீசியன் கேட்டா ஓடி நடுவுல வாக்குவாதம் வராது.

கேள்வி: நான் அட்டெண்டர். சின்ன குழந்தைங்க வந்தா, அடிபட்டு மயக்கத்துல யாராவது வந்தா, என்னைத்தான் பிடிச்சுக்க சொல்றாங்க. தினமும் நடக்கும். ஏப்ரன் சில நாள் வேற ரூம்ல இருக்கும். எனக்கு மேல எவ்வளவு கதிர் படுதுன்னு அளக்கற பேட்ஜ் கிடையாது.

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். இந்த பக்கத்துல வந்த கேள்விகள்லயே எனக்கு ரொம்ப கவலை தந்தது இதுதான், ஏன்னா மத்தவங்களுக்கு பேட்ஜ் இருக்கு, பயிற்சி இருக்கு, கேக்கறதுக்கு ஒரு இடம் இருக்கு.

முதல்ல தெளிவா சொல்லிடறேன்: நோயாளியை பிடிக்கறது எந்த ஒரு ஊழியரோட தினசரி வேலையாவும் இருக்கக் கூடாது. உங்களை அப்படி வச்சிருக்கறது தப்பு. மணல் மூட்டை, பட்டை, ஸ்பான்ஜ், குழந்தையை சுத்தற துணி இதெல்லாம் அதுக்குத்தான் இருக்கு. எக்ஸ்போஷர் நேரத்தை குறைச்சு எடுத்தா குழந்தை அசைஞ்சாலும் படம் கலங்காது. அதுவும் முடியலைன்னா கூட வந்த அப்பாவோ பெரியப்பாவோ ஏப்ரன் போட்டுட்டு பிடிக்கலாம், கர்ப்பமா இருக்கறவங்க வேணாம். அவங்களுக்கு அது ஒரு நாள் விஷயம், உங்களுக்கு தினமும்.

நிஜமாவே வேற யாரும் இல்லாத அவசரத்துல நீங்க பிடிச்சே ஆகணும்னா ஏப்ரன் இல்லாம உள்ள போகாதீங்க. "ஏப்ரன் வந்ததும் பிடிக்கறேன்"னு சொல்றது வேலையை மறுக்கறது ஆகாது. லைட் விழற சதுரத்துக்குள்ள உங்க கை வரவே கூடாது, கையை நீட்டி, உடம்பை பின்னால சாச்சு பக்கவாட்டுல நில்லுங்க, முகத்தை திருப்பிக்கோங்க. முக்கியமா, ஏப்ரன் போட்டிருந்தா பீமுக்குள்ளயே நிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஏப்ரன் சிதறலுக்காக செஞ்சது, நேரா வர்ற பீமுக்கு இல்ல.

பேட்ஜ் விஷயம். தினமும் உள்ள நிக்கறவருக்கு பதவி என்னவா இருந்தாலும் அளவு பாக்கணும். உங்க இடத்துல கதிர்வீச்சு பாதுகாப்புக்கு பொறுப்பா ஒருத்தர் இருப்பார், அவருக்கு ஒரு தாள்ல எழுதி கொடுங்க, எந்த மாசத்துல இருந்து பிடிக்கறீங்க, ஒரு நாளைக்கு சுமாரா எத்தனை பேருன்னு. வாய்ல சொன்னது மறந்துடும், எழுதினதுக்கு பதில் வரணும். இதை படிக்கற டெக்னீசியன்கள்கிட்ட ஒரு வேண்டுகோள், அந்த தாளை எழுத அவருக்கு நீங்க உதவி பண்ணுங்க.

கேள்வி: என் டிஎல்டி பேட்ஜ் ரிப்போர்ட் எப்பவும் பூஜ்யம்தான் வருது. அப்ப அதை போட்டு என்ன பிரயோஜனம்?

பேட்ஜ் காப்பாத்தாது, கணக்கு மட்டும்தான் எழுதும். உள்ள இருக்கற வில்லை வாங்கின கதிரை தேக்கி வச்சிருக்கும், லேப்ல சூடு பண்ணா அதுக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் விடும், அதை அளக்கறாங்க. பூஜ்யம்னா ஒண்ணுமே வரலைன்னு இல்ல, பதிவு பண்ற குறைஞ்சபட்ச அளவை விட கம்மின்னு அர்த்தம். கன்ட்ரோல் ரூம்ல கண்ணாடிக்கு பின்னால இருந்து வேலை பாக்கறவருக்கு அப்படித்தான் வரணும். அந்த ரூமே சிதறல் குறைஞ்சது ரெண்டு தடவையாவது சுவத்துல மோதி திரும்பினாதான் உங்ககிட்ட வர முடியும்ங்கற மாதிரி கட்டறாங்க, ஒவ்வொரு மோதலுக்கும் பெரும்பகுதி தொலைஞ்சிடும்.

ஆனா சி-ஆர்ம்ல மாசம் முழுக்க நின்னவருக்கும் பூஜ்யம்னா எனக்கு சந்தேகம் வரும். பேட்ஜ் லாக்கர்ல இருந்திருக்கும். இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், ஏப்ரன்லயே மாட்டி எக்ஸ்ரே ரூம்ல தொங்க விட்டுட்டு வீட்டுக்கு போயிடுவாங்க, ஆளே இல்லாம பேட்ஜ் மட்டும் மூணு மாசம் சிதறலை வாங்கிட்டு இருக்கும். ரெண்டுலயும் கணக்கு பொய்யாயிடும், நாளைக்கு நிஜமாவே ஒரு பிரச்சனைன்னா உங்க பக்கம் பேச ஆதாரம் இருக்காது. நெஞ்சுல, ஏப்ரனுக்கு உள்ள போடுங்க. கேத் லேப், சி-ஆர்ம்ல இருக்கறவங்களுக்கு கழுத்துகிட்ட, ஏப்ரனுக்கு வெளிய ரெண்டாவது ஒண்ணு தந்தா அது கண்ணுக்கு எவ்வளவு போகுதுன்னு சொல்லும், ரெண்டையும் மாத்தி போட்டுடாதீங்க. முழு உடம்புக்கு ஆணையம் சொல்ற வரம்பு 5 வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 50க்கு மேல போகக் கூடாது. கைக்கும் தோலுக்கும் வருஷத்துக்கு 500.

கேள்வி: நான் எக்ஸ்ரே டெக்னீசியன், கர்ப்பமா இருக்கேன், இப்ப ரெண்டாவது மாசம். வீட்டுல வேலையை விட சொல்றாங்க. சொன்னா வேலை போயிடுமோன்னு ஆபீஸ்ல இன்னும் சொல்லலை அக்கா.

வாழ்த்துகள்மா. முதல்ல ஆபீஸ்ல சொல்லுங்க, இன்னைக்கே சொல்லுங்க. சொன்னதுக்கு அப்புறம்தான் குழந்தைக்கான தனி வரம்பு நடைமுறைக்கு வரும், அதாவது மீதி மாசங்கள் முழுக்க சேர்த்து குழந்தைக்கு சுமார் 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல போகாத மாதிரி உங்க வேலையை அமைச்சு தரணும். சொல்லாத வரைக்கும் யாருக்கும் அந்த பொறுப்பு வராது, பிடிக்கற வேலைக்கும் ஓடிக்கும் உங்களை அனுப்பிட்டே இருப்பாங்க.

வேலையை விட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்ல. சாதாரண எக்ஸ்ரே ரூம்ல கன்ட்ரோல் கண்ணாடிக்கு பின்னால நின்னு எடுக்கறவங்களுக்கு அந்த 1 மில்லிசீவர்ட் வரைக்கும் போகவே போகாது, உங்க பழைய பேட்ஜ் ரிப்போர்ட்டை எடுத்து வீட்டுல காட்டுங்க, அதுதான் அவங்களுக்கு சரியான பதில். கேத் லேப், சி-ஆர்ம், நோயாளியை பிடிக்கறது இது மூணுல இருந்தும் மாத்தி தர சொல்லி கேளுங்க. வயித்துகிட்ட, ஏப்ரனுக்கு உள்ள தனியா ஒரு பேட்ஜ் கேட்டு வாங்குங்க. பயத்துல ரெண்டு ஏப்ரன் போடாதீங்க, அந்த பாரம் முதுகைத்தான் கெடுக்கும். அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ ரெண்டுலயும் எக்ஸ்ரே கிடையாது, ஆனா எம்ஆர்ஐ காந்த அறைக்கு வேற விதிமுறை இருக்கு, அங்க மாத்தறதா இருந்தா அதை கேட்டுக்கோங்க.

கேள்வி: எக்ஸ்ரே டிபார்ட்மென்ட்ல வேலை பாத்தா குழந்தை பிறக்காதுன்னு பொண்ணு வீட்டுல சொல்றாங்க. தினமும் பால் குடிச்சா கதிர்வீச்சு வெளிய போயிடும்னு சீனியர் சொல்றார். எது நிஜம்?

ரெண்டும் இல்ல. ஆண்களுக்கு தற்காலிகமா விந்தணு குறையறதுக்கே ஒரே நேரத்துல 150 மில்லிகிரே விந்தகத்துல விழணும், நிரந்தரமா பாதிக்க அதை விட பல மடங்கு. பேட்ஜ் பூஜ்யம் காட்டற ஒருத்தருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ரிப்போர்ட்டை பொண்ணு வீட்டுல காட்டுங்க தம்பி. பால் உடம்புக்கு நல்லதுதான், ஆனா எக்ஸ்ரே உடம்புல தங்கவே இல்லாதப்ப அதை வெளிய தள்ள எதுவும் தேவையில்ல.

கேள்வி: முன்னாடி நோயாளிக்கு இடுப்புல ஈயத் தகடு வச்சு எடுப்போம். இப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க. செலவை குறைக்கறாங்களா?

செலவுக்காக இல்ல. 2019ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம், நோயாளிக்கு வழக்கமா அந்த தகடு வைக்கறதை நிறுத்திடலாம்னு சொல்லிச்சு, அப்புறம் மத்த அமைப்புகளும் அதே மாதிரி சொன்னாங்க. நோயாளி உடம்புக்குள்ளயே சிதறி போற கதிரை வெளிய வைக்கற தகடு தடுக்காது. தகடு கொஞ்சம் நகர்ந்து பீமுக்குள்ள வந்துட்டா பாக்க வேண்டிய எலும்பு மறைஞ்சு திரும்ப எடுக்க வேண்டி வரும், தானியங்கி மெஷின்ல கதிர் கூடியும் போகும். இதை சாக்கா வச்சு "அப்ப ஸ்டாஃபுக்கும் ஏப்ரன் வேணாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. உங்களுக்கு சிதறல் வெளிய இருந்து வருது, அதை ஏப்ரன் தடுக்குது. நோயாளிக்கு உள்ளயே நடக்குது. ரெண்டும் வேற வேற.

கேள்வி: எங்க சீனியர் 30 வருஷமா ஏப்ரனே போட்டதில்ல, நல்லாத்தான் இருக்கார். நாங்க கேட்டா "பயந்தாங்கொள்ளி"ங்கறார்.

அவர் நல்லா இருக்கறதுல சந்தோஷம், இன்னும் நல்லா இருக்கட்டும். ஆனா ஒருத்தர் தப்பிச்சது மத்தவங்களுக்கு ஆதாரம் ஆகாது. ரான்ட்கன் எக்ஸ்ரேயை கண்டுபிடிச்சது 1895 நவம்பர். எடிசன்கிட்ட வேலை பாத்த கிளாரன்ஸ் டாலி, டியூப் சரியா வேலை செய்யுதான்னு பாக்க தன் கையையே குறுக்க வச்சு சோதிச்சுட்டு இருந்தவர், முதல்ல தோல் வெந்துச்சு, அப்புறம் புற்றுநோய், ரெண்டு கையையும் எடுத்தும் காப்பாத்த முடியல, 1904ல இறந்துட்டார். எடிசன் அதோட எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுட்டார். இந்த மாதிரி போனவங்களுக்காக ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல ஒரு மருத்துவமனை வளாகத்துல 1936ல நினைவுக்கல் வச்சாங்க, டாக்டர், டெக்னீசியன், நர்ஸ்னு பல நாட்டு ஆளுங்க பேர் அதுல செதுக்கியிருக்கு. இன்னைக்கு அந்த அளவு கதிர் யாருக்கும் வர்றதில்ல, அதுக்கு காரணம் அவங்க பட்டதுல இருந்து வந்த விதிகள்தான். உங்க சீனியர்கிட்ட சண்டை வேணாம், நீங்க போட்டுக்கோங்க, உங்களுக்கு பின்னால வர்ற பசங்களுக்கும் போட்டு விடுங்க.

கேள்வி: ஏப்ரன் எத்தனை மி.மீ வாங்கணும், எத்தனை வருஷம் வரும்? எங்களுது மடிச்சு மடிச்சு ஓரம் எல்லாம் வெடிச்சிருக்கு.

சிதறலுக்கு 0.25 மி.மீ ஈயத்துக்கு சமமானது பொதுவா 90 சதவீதத்துக்கு மேல தடுக்கும், 0.5 மி.மீ 95க்கு மேல. ஓடில மணிக்கணக்கா நிக்கறவங்களுக்கு மேல சட்டை, கீழ பாவாடைன்னு ரெண்டா வர்றது நல்லது, பாரம் இடுப்புக்கும் பிரியும், முன்னால ரெண்டு மடிப்பு சேர்றப்ப 0.25 ரெண்டும் 0.5 ஆயிடும். நோயாளிக்கு முதுகை காட்டி திரும்பி வேலை பாக்கறவங்க முன்பக்கம் மட்டும் இருக்கற ஏப்ரன் வாங்காதீங்க. கழுத்தை மூடற தைராய்டு காலரும் கூடவே.

இத்தனை வருஷம்னு கணக்கு கிடையாது, எப்படி வச்சுக்கறீங்கங்கறதுதான். மடிக்காம, நாற்காலி மேல போடாம, அகலமான ஹேங்கர்ல தொங்க விடணும். வெளித் துணி வெடிச்சதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, துணி புதுசா இருந்தும் உள்ள ஈயத் தாள் விரிசல் விட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மேசையில விரிச்சு ஃப்ளூரோஸ்கோப்பியிலயோ (நேரலை எக்ஸ்ரே) எக்ஸ்ரே படத்துலயோ பாருங்க, நல்ல இடம் ஒரே சீரா தெரியும், மடிப்பு விழுந்த இடத்துல கோடு கோடா கதிர் கசியறது தெரியும், பெரும்பாலும் இடுப்பு மடங்கற இடம், தோள் பட்டை தைச்ச இடம். ஒவ்வொரு ஏப்ரனுக்கும் ஒரு நம்பர் போட்டு தேதியோட எழுதி வைங்க. நெஞ்சு, வயிறு, அடிவயிறு பக்கத்துல விரிசல் இருந்தா அதுக்கு வாழ்க்கை முடிஞ்சுது. அதை மூலையில போட்டு வச்சா அடுத்த ஷிஃப்ட்ல அவசரத்துல யாராவது எடுத்து மாட்டிக்குவாங்க, அதனால பெருசா "உபயோகிக்கக் கூடாது"ன்னு எழுதி அன்னைக்கே ரூமை விட்டு வெளிய எடுத்துடுங்க. உள்ள ஈயம் இருக்கறதால சாதாரண குப்பையிலயும் போடாதீங்க, வாங்கின கம்பெனிக்கோ ஈயக் கழிவு எடுக்கறவங்களுக்கோதான் கொடுக்கணும்.